எனக்குப் பாட வராது, குழந்தைக்கு எந்தப் பாட்டைப் போடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார். பகல் முழுக்க ஐந்து மாதப் பெண் குழந்தையும் நீங்களும்தான். சுட்டுப்போட்டாலும் உங்களுக்குப் பாட்டு வராது என்பதால் தொட்டிலில் போட்டு, பக்கத்தில் செல்போனில் தாலாட்டை ஓடவிடுகிறீர்கள். மூளை வளர்ச்சிக்கு எந்த ராகம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மாமியார் தூத்துக்குடியிலிருந்து அனுப்பிய பனை ஓலைக் கிலுகிலுப்பையையும் அவர் கையால் தைத்த துணிப் பொம்மையையும் கொடுக்கலாமா, இல்லை கடையில் விற்கிற பாட்டுப் பாடும் பொம்மையை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் எனக்கு வேறொரு கேள்வி கேட்கிறது: பாட வராத அப்பாவிடம் வளர்வதால் பிள்ளைக்கு ஏதாவது குறைந்துபோகுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறையாது. நீங்கள் பாடாமலே இருந்தால்தான் கொஞ்சம் குறையும்.

நான் ஆடியாலஜிஸ்ட். மதுரையில் 22 வருடமாகக் குழந்தைகளின் காதைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. பெரா என்று ஒரு பரிசோதனை உண்டு. குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்போம். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் பதிவு சுத்தமாக வரும். அதனால் அறையை இருட்டாக்கி, ‘தூங்க வையுங்க’ என்று பெற்றோரிடம் விட்டுவிடுவோம். செல்போனையும் அணைக்கச் சொல்லிவிடுவோம், அது பதிவைக் கெடுக்கும். ஆக, போன் இல்லாமல், வெட்கத்தோடு, இருட்டில் ஆயிரக்கணக்கான அம்மா அப்பாக்கள் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். சுருதியோடு பாடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பஸ் கண்டக்டர் வந்திருந்தார். பாட்டு எதுவும் நினைவுக்கு வராமல் கொஞ்ச நேரம் விழித்தார். அப்புறம் பிள்ளையைத் தோளில் போட்டு, முதுகில் தட்டிக்கொண்டே, ‘பெரியார்... சிம்மக்கல்... கோரிப்பாளையம்... மாட்டுத்தாவணீ...’ என்று இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்தார். மாட்டுத்தாவணி வந்ததும் திரும்ப பெரியார். நாலாவது டிரிப்பில் பிள்ளை தூங்கிவிட்டது. அன்றைக்கு எடுத்த பதிவு அவ்வளவு சுத்தம்.

இது வெறும் அனுபவக் கதை இல்லை, உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. கருவிலேயே, கிட்டத்தட்ட 25 வாரத்தையொட்டிக் காது வேலை செய்யத் தொடங்குகிறது. 1980-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் சொந்த அம்மாவின் குரல், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும்படி அமைத்தார்கள். குழந்தைகள் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டு அம்மாவின் குரலைத் தேடிப் பிடித்தன. அப்பாவின் குரல் வயிற்றுக்குள் அவ்வளவு தெளிவாகப் போவதில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் உங்கள் மகளுக்கு உங்கள் குரல் நன்றாகவே பழகியிருக்கும். சந்தேகம் இருந்தால் அடுத்த அறையிலிருந்து பேசிப் பாருங்கள், தலை திரும்பும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோமே, குஞ்சுக்கும் காக்கையின் குரல் அப்படித்தான்.

மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2015-இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளை அமைதியாக உட்கார வைத்து, ஒரு பெண்ணின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து போட்டார்கள். எது ஓடும்போது குழந்தை எவ்வளவு நேரம் அழாமல் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பேச்சு என்றால் சுமார் நாலு நிமிடம், பாட்டு என்றால் சுமார் ஒன்பது நிமிடம். அந்தப் பாட்டு குழந்தைகள் கேட்டே இராத துருக்கி மொழிப் பாட்டு. ஆக வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, பழகிய மெட்டாகவும் இருக்க வேண்டியதில்லை. மெதுவாக, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வந்தால் போதும். நம் தாலாட்டைப் பாருங்கள். ‘ஆராரோ ஆரிரரோ’வில் என்ன அர்த்தம் இருக்கிறது? தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டுவது தாலாட்டு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நாக்கை ஆட்ட உங்களுக்கு வரும்தானே.

நான் அம்மாக்களிடம் அடிக்கடி சொல்கிற இன்னொன்று, மடியில் வைத்துக் குதிக்க வைப்பது. 2005-இல் கனடாவில் ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு தாளத்தைப் போட்டு, பாதிப் பேரை இரண்டு தட்டுக்கு ஒரு முறையும் மீதிப் பேரை மூன்று தட்டுக்கு ஒரு முறையும் தூக்கிக் குதிக்க வைத்தார்கள். அப்புறம் அதே தாளத்தை அழுத்தம் கொடுத்துப் போட்டபோது, எந்தக் கணக்கில் குதித்தார்களோ அந்தக் கணக்கில் வருவதையே குழந்தைகள் அதிக நேரம் கேட்டார்கள். தாளம் உடம்பு வழியாகவும் காதுக்குப் போகிறது என்று அர்த்தம். செல்போனால் இதைச் செய்ய முடியாது, உங்கள் முழங்காலால் முடியும்.

சரி, ராகத்துக்கு வருவோம். இங்கேதான் உறுதியான நிலத்தைவிட்டு இறங்குகிறோம். ‘மூளை வளர்க்கும் இசை’ என்ற வியாபாரத்துக்கு வேர் 1993-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் ஒரு பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசுச் செலவில் ஓர் இசைத்தட்டு கொடுக்கலாம் என்று பட்ஜெட்டில் பணம் கேட்கும் அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. பின்னால் பலர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கரைந்துபோனது. நம்மூரில் மொசார்ட்டின் இடத்தில் நீலாம்பரி உட்கார்ந்திருக்கிறது. நீலாம்பரி தூக்கத்துக்கு ஏற்ற ராகம் என்பது நெடுநாள் வழக்கு, கேட்டால் எனக்கும் கண் சொருகும். நிதானமாகப் பாடப்படுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக, ஒரு ராகத்தைக் கேட்டு ஐந்து மாதக் குழந்தையின் அறிவு கூடும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிடித்தால் போடுங்கள், அவ்வளவுதான்.

எந்தப் பாட்டு என்பதைவிட எவ்வளவு சத்தம், எவ்வளவு தூரம் என்பதுதான் என் துறைக்கு முக்கியம். குழந்தையின் காதுக்குழல் சின்னது. அதனால் ஒரே சத்தம் நமக்கு ஒரு அளவில் போனால், அதன் செவிப்பறைக்கு, அதிலும் கீச்சுச் சத்தங்கள், இன்னும் கூடுதலாகப் போகும். 2014-இல் குழந்தையைத் தூங்க வைக்கும் சத்தக் கருவிகள் 14-ஐ அளந்து பார்த்தார்கள். முழு வால்யூமில், 30 செ.மீ. தூரத்தில், மூன்று கருவிகள் 85 டெசிபெல்லைத் தாண்டின. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்கிற பெரியவருக்கே 85-ஐ எல்லை என்கிறோம். தொட்டிலுக்குள், தலைமாட்டில் போனை வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் சத்தம் ஆறு டெசிபெல் குறையும், அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் குறையும். அறையின் அந்தக் கோடியில் வைத்து, நீங்கள் சாதாரணமாகப் பேசும் குரலைவிடத் தாழ்வாக ஓடட்டும், தூங்கியதும் நிறுத்திவிடுங்கள். திரையைக் காட்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

ஓடிக்கொண்டே இருக்கும் டிவியும் அப்படித்தான். 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் குழந்தைகளின் சட்டையில் பதிவுக் கருவியை வைத்துக் கேட்டார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்கள் பேசும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. அதாவது டிவி குழந்தையை வாயடைக்கும் முன் நம்மை வாயடைக்கிறது. உங்கள் வீட்டில் போன் தாலாட்டு பாடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைப் பொம்மையைப் பற்றி ஒரு சொந்த அசட்டுத்தனம். என் மூத்தவனுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, பட்டனை அமுக்கினால் பாடும் யானை ஒன்றை வாங்கிவந்தேன். அவன் அதைக் காதோடு அணைத்துக்கொண்டு படுப்பான். அழகாக இருக்கிறது என்று போட்டோ வேறு எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஏதோ தோன்றி, சத்தம் அளக்கும் மீட்டரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அதன் வாயருகே பிடித்தேன். 90-ஐத் தாண்டியது. ஊருக்கெல்லாம் காதைக் காக்கச் சொல்லும் ஆள் நான். ஸ்பீக்கர் துளைகள் மேல் இரண்டு அடுக்கு செல்லோடேப் ஒட்டினேன், ஓரளவு அடங்கியது. அப்புறம் பேட்டரி தீர்ந்தது, நான் மாற்றவில்லை. பாட்டு இல்லாத யானையும் அவனுக்கு அதே யானைதான்.

இனி மாமியாரின் பார்சல். ஓலைக் கிலுகிலுப்பை எனக்குப் பிடித்த பொம்மை. சத்தம் குறைவு, குழந்தை ஆட்டினால்தான் வரும், நிறுத்தினால் நிற்கும். தன் கை அசைவுக்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை ஐந்து மாதக் குழந்தை கண்டுபிடிக்கும் நேரம் இது. 1969-லேயே மூன்று மாதக் குழந்தையின் காலில் ரிப்பன் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையில் இணைத்துப் பார்த்தார்கள். உதைத்தால் பொம்மை ஆடுகிறது என்று புரிந்ததும் குழந்தைகள் உதைத்துத் தள்ளிவிட்டன. நம் வீடுகளில் கொலுசு இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதன் மணி உறுதியாக இருக்கிறதா, சருமத்தில் கீறுகிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

ஆனால் கிலுகிலுப்பையைக் கையில் கொடுக்கும் முன் மாமியாருக்கு ஒரு போன் போடுங்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். சின்னக் கல்லோ பயறோ என்றால், பின்னலைத் தாண்டி வெளியே வராதவரை பரவாயில்லை. குன்றிமணி என்றால் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, நல்ல சத்தம், பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம், எல்லாம் சரி. ஆனால் அதன் பருப்பில் அப்ரின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஓடு உடைந்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். எச்சில் ஊறினால் ஓலைப் பின்னல் தளரும், ஓரம் கிழித்தால் உதட்டைக் கீறும். சாயம் போட்ட ஓலை என்றால் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். சாயமில்லாத ஓலை என்றாலும் நீங்கள் ஆட்டிக் காட்டுங்கள், அவள் உங்கள் முன்னால் பிடித்து ஆட்டட்டும், விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். தனியாக விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில் எந்தத் துண்டும் 31.7 மி.மீ. அகலமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக விழுந்துவிடக் கூடாது என்பது பொதுத் தரம். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. ஆக, அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகூடத் தொண்டையை அடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிப் பொம்மையில் பட்டன் கண், பாசிமணி, ஒட்டுப் பொட்டு இருந்தால் பிரித்துவிட்டு நூலால் கண் தைத்துத் தரச் சொல்லுங்கள். மாமியார் கோபிக்க மாட்டார், பேத்திக்கு என்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துவிடுவார். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், பஞ்சு எட்டிப் பார்த்தால் இன்னொரு ஓட்டுத் தையல் போட வேண்டும். எதிலும் ஒரு சாணுக்கு மேல் கயிறு தொங்கக் கூடாது. கையில் கட்டும் வசம்பு வளையலுக்கும் இதே கண்டிப்புதான், நூல் அறுந்தால் அத்தனை துண்டும் வாய்க்குள்தான்.

கையால் பின்னிய காலுறையோ கையுறையோ அந்தப் பார்சலில் இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் ஒன்று சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டால் ரத்தம் போகாமல் விரல் கன்றிவிடும். உங்கள் மனைவியின் தலைமுடியும் இதைச் செய்யும். பிரசவமான மூன்று நாலு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் அல்லவா, அதில் ஒரு இழை போதும். ஒருமுறை காது வலி என்று சந்தேகப்பட்டு, விடாமல் அழும் குழந்தையை என்னிடம் அனுப்பினார்கள். காதில் ஒன்றும் இல்லை. காலுறையைக் கழற்றினால் நடுவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது, அடியில் மெல்லிய ஒரு முடி. உடனே குழந்தை மருத்துவரிடம் ஓடினோம், விரல் பிழைத்தது. காரணம் தெரியாமல் அழுதால் பத்துக் கால்விரலையும் எண்ணிப் பாருங்கள்.

வாங்கித்தான் தருவேன் என்றால், பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே சென்னபட்டணாவில் கடையும் மரப் பொம்மைகளைப் பாருங்கள். வெப்பாலை மரம், கடைசலிலேயே சூட்டில் ஏற்றும் அரக்குப் பூச்சு, தாழை மடலால் மெருகு. எச்சில் பட்டுச் சாயம் கரையாத வேலை, அசலாக இருந்தால். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லை என்பதால் கைவினைப் பொம்மை மட்டம் ஆகிவிடாது. ஆனால் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள், சோதிக்க வேண்டியது நீங்கள்தான் என்று ஆகிறது.

புடவைத் தொட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதில் நிபுணன் இல்லை. தட்டையான கெட்டியான படுக்கையில், மல்லாக்க, பக்கத்தில் பொம்மையோ தலையணையோ இல்லாமல் தூங்க வைப்பதைத்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொட்டிலில் போட்டால் தாடை நெஞ்சில் ஒட்டி மூச்சு அடைபடாமல் பார்க்க ஆள் அருகில் இருக்க வேண்டும். மீதியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என் துறையில் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று: குளிப்பாட்டியதும் காதில் எண்ணெய் விடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். காதுக்குள் ஊதுவதும் வேண்டாம், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். வெளிமடலைத் துண்டால் துடைத்தால் போதும்.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், கைதட்டும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும் பிரித்தார்கள். இன்றைக்கு நாங்கள் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது, கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். பிறந்தபோது காது பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாள்களில் தேடிப் பாருங்கள். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் காது கேட்கும் திறனில் குறையோடு பிறக்கிறார்கள். ‘ஆ, ஊ’ என்று சத்தம் போடுகிறாளே என்று சமாதானம் ஆகாதீர்கள், காது கேட்காத குழந்தையும் ஆறு மாதம்வரை அப்படிச் சத்தம் போடும். கதவை அறைந்தால் திடுக்கிடுவதும் அதிர்வினால் இருக்கலாம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலக வழக்கு. செய்யவில்லை என்றால் இந்த மாதமே போய்விடுங்கள். வலி கிடையாது. போகிற வழியில் வண்டியில் தூங்கவிடாதீர்கள், பசியோடு கொண்டுபோய் அங்கே வைத்துப் பாலைக் கொடுங்கள். அப்புறம் விளக்கை அணைத்து, போனை வாங்கி வைத்துவிட்டு உங்களைத்தான் பாடச் சொல்வார்கள். உங்கள் ஊர் டவுன் பஸ் ரூட்டையாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.